ஓவன் ஏன் மன்னிப்புக் கேட்கிறான்?

"'ஐ சா த டிவி க்ளோ' பார்த்தேன். திகில் படம் என்றார்கள். பேயும் இல்லை, கொலையும் இல்லை. மேடி சொல்வதெல்லாம் உண்மையா, அல்லது அவளுக்கு மனநலம் கெட்டுவிட்டதா? கடைசியில் ஓவன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடக்கும்போது படம் சட்டென்று முடிவது ஏன்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூன்றாவது கேள்வியைப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் தாமாக அவிழும் என்று நினைக்கிறேன். படத்தின் முடிவுவரை உடைத்துத்தான் பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

ஜேன் ஷோன்ப்ரன் எழுதி இயக்கிய படம் இது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் ஏ24 நிறுவனம் அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியிட்டது. ஷோன்ப்ரன் ஒரு திருநர்; ஆண், பெண் என்ற இரண்டு வகைக்குள்ளும் தன்னை அடைத்துக்கொள்ளாதவர். தன்னுடைய பால்மாற்றத்தின் தொடக்க காலத்தில் இந்தத் திரைக்கதையை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ளாமலும் படத்தைப் பார்க்கலாம். ஆனால் தெரிந்துகொண்டு பார்த்தால், வெறும் விநோதமாகத் தோன்றிய பல காட்சிகள் திடீரென்று நெஞ்சில் கை வைக்கும்.

கதை 1996இல், அமெரிக்கப் புறநகர் ஒன்றில் தொடங்குகிறது. அதிபர் தேர்தல் நாள், பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. அம்மாவுடன் வந்திருக்கிறான் ஏழாம் வகுப்பு ஓவன். ஆளில்லாத பள்ளிக்குள் ஒன்பதாம் வகுப்பு மேடி தனியாக உட்கார்ந்து புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறாள். 'த பிங்க் ஒபேக்' என்ற தொலைக்காட்சித் தொடரின் கையேடு அது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கதைச்சுருக்கம், பாத்திரங்களின் விவரம். தொடர் சனிக்கிழமை இரவு 10.30க்கு வரும். ஓவன் படுக்கைக்குப் போக வேண்டிய நேரம் 10.15. அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் படத்தின் முதல் முடிச்சு விழுகிறது. பள்ளியின் பெயர் வாய்ட் ஹை ஸ்கூல். சுருக்கினால் வி.எச்.எஸ். பிறகு அவர்களுக்குள் உறவை வளர்ப்பவையும் வி.எச்.எஸ். வீடியோ நாடாக்களே: மேடி தொடரைப் பதிவுசெய்து, பள்ளியின் புகைப்பட இருட்டறையில் ஓவனுக்காக வைத்துவிட்டுப் போகிறாள்.

தூங்கும் நேரத்தைத் தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கு ஓவனின் அப்பா சொல்லும் ஒரே ஒரு வரி: "அது பெண்பிள்ளைகள் பார்க்கிற தொடர் இல்லையா?" குரல் உயரவில்லை, அடி விழவில்லை. அப்பாவாக நடித்திருப்பவர் லிம்ப் பிஸ்கிட் இசைக்குழுவின் ஃப்ரெட் டர்ஸ்ட். தொண்ணூறுகளின் கடைசியில் அமெரிக்கப் பையன்கள் தங்கள் ஆண்மைக் கோபத்தையெல்லாம் யாருடைய பாட்டில் கத்தித் தீர்த்தார்களோ, அவரையே கூப்பிட்டு இந்த ஒரு வரியைச் சொல்ல வைத்திருக்கிறார் இயக்குநர். தெரிந்தவர்களுக்கு அது தனி நகைச்சுவை.

படத்துக்குள் வரும் தொடரின் கதை இது. கோடை முகாமில் சந்தித்துக்கொண்ட இசபெல், டாரா என்ற இரண்டு பெண்கள், ஒரே மாவட்டத்தின் இரு கோடிகளில் வாழ்கிறார்கள். மனவழித் தொடர்பு உண்டு. இருவர் கழுத்தின் பின்புறமும் இளஞ்சிவப்பில் ஒரு பேய் உருவம். வாரம் ஒரு அரக்கனை வெல்கிறார்கள். எல்லா அரக்கர்களையும் அனுப்புகிறவன் நிலா முகம் கொண்ட மிஸ்டர் மெலன்கலி. அமெரிக்கத் தொலைக்காட்சியோடு வளர்ந்த எவருக்கும் இது எதன் நிழல் என்று உடனே தெரிந்துவிடும்: இரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பஃபி என்ற பெண்ணைப் பற்றி 1997 முதல் 2003 வரை ஓடிய 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்'. எழுத்துருவைக்கூட அதை நினைவூட்டும்படி வைத்திருக்கிறார்கள். டாரா என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். அந்தத் தொடரில் வில்லோ, டாரா என்ற இரண்டு பெண்களின் காதல், அமெரிக்கத் தொலைக்காட்சியில் நீண்ட காலம் காட்டப்பட்ட முதல் பெண்–பெண் காதல்களில் ஒன்று. 2002 மே மாதம் ஒளிபரப்பான அத்தியாயத்தில் வழிதவறி வந்த துப்பாக்கிக் குண்டு டாராவைக் கொன்றது. அந்தக் கோபம் ரசிகர்களிடம் இன்னும் ஆறவில்லை. அந்த டாராவாக நடித்த ஆம்பர் பென்சன், ஷோன்ப்ரனின் படத்தில் ஒரே ஒரு காட்சியில், ஓவனுடைய நண்பன் ஒருவனின் தாயாக வந்துபோகிறார். இது விளக்கம் ஏதுமின்றி ரசிகர்களுக்கு மட்டும் செய்த ஒரு கண்ஜாடை.

இப்போது இரண்டாவது கேள்வி, மேடியைப் பற்றியது.

மேடி வீட்டில் மாற்றாந்தந்தையின் கொடுமை. பள்ளியில், அவள் பெண்களை விரும்புகிறவள் என்ற வதந்தி. விளையாட்டு மைதானத்தின் படிக்கட்டு இருக்கைகளில் உட்கார்ந்து தான் அப்படித்தான் என்று ஓவனிடம் சொல்கிறாள். உனக்குப் பெண்களைப் பிடிக்குமா, பையன்களைப் பிடிக்குமா என்று திருப்பிக் கேட்கிறாள். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு டிவி தொடர்கள் பிடிக்கும் என்று நினைக்கிறேன், என்கிறான். சிரிப்பு வரும், உடனே அவன் தொடர்கிறான்: இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் யாரோ மண்வெட்டியால் உள்ளே இருந்ததையெல்லாம் தோண்டி எடுத்துவிட்டதுபோல் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும், ஆனாலும் திறந்து பார்க்கப் பயமாக இருக்கிறது. இந்த வசனத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மண்வெட்டி, தோண்டுதல், திறந்து பார்த்தல் மூன்றும் பிறகு சொல்லுக்குச் சொல் நடக்கப்போகின்றன.

மேடி ஊரைவிட்டு ஓடத் திட்டமிடுகிறாள், கூட வா என்கிறாள். ஓவன் கடைசி நேரத்தில், தொடரைப் பார்ப்பதற்காக வீட்டில் சொன்ன பொய்களைத் தானே ஒப்புக்கொண்டு, வீட்டில் அடைபடும்படி செய்துகொள்கிறான். மேடி மறைகிறாள். அவள் வீட்டுப் பின்முற்றத்தில் தொலைக்காட்சிப் பெட்டி மட்டும் எரிந்துகொண்டிருக்கிறது. தொடரும் ஐந்தாவது பருவத்தோடு (சீசன்) நின்றுபோகிறது. அதன் கடைசி அத்தியாயத்தில் இசபெலும் டாராவும் இதயம் பறிக்கப்பட்டு, நஞ்சூட்டப்பட்டு, உயிரோடு புதைக்கப்படுகிறார்கள். 'நள்ளிரவு உலகம்' என்ற சிறையில் தாம் யார் என்பதே மறந்து வாழ்வார்கள் என்று மிஸ்டர் மெலன்கலி சிரிக்கிறான். அதைப் பார்த்து முடித்த இரவில் ஓவன் தலையைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் நுழைத்துவிடுகிறான். அப்பா இழுத்து வெளியே போடும்போது, இது என் வீடில்லை, நீ என் அப்பா இல்லை என்று அலறுகிறான்.

எட்டு ஆண்டுகள் கழித்து மேடி திரும்பி வருகிறாள். வெளியூரில் பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தேன், எதுவும் மாறவில்லை, டிவிடியில் அத்தியாயங்களைத் தாண்டிப் போவதுபோல் வயது ஓடியது, என்கிறாள். கூட வேலை பார்த்த ஒருவனுக்குப் பணம் கொடுத்துத் தன்னை உயிரோடு புதைக்கச் சொன்னாளாம். மூச்சு அடங்கியபின் கண் விழித்தபோது அவள் டாரா. நீதான் இசபெல், நாம் இருவரும் இன்னும் மண்ணுக்கடியில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறோம், இந்த ஊர்தான் நள்ளிரவு உலகம், வா, மறுபடி புதைந்து எழுவோம், என்கிறாள். காற்றடைத்த கோளரங்கக் கூடாரத்துக்குள், செயற்கை நட்சத்திரங்களுக்குக் கீழே அவள் பேசும் அந்த நீண்ட பேச்சுக்காகவே மேடியாக நடித்த ஜாக் ஹேவனைக் கொண்டாட வேண்டும். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவருடைய பழைய பெயர் இருக்கும், இவரேதான்.

சரி, இது பைத்தியமா, உண்மையா?

இங்கே மறுபடி 'பஃபி'க்குப் போக வேண்டியிருக்கிறது. அதன் ஐந்தாவது பருவம் 2001 மே மாதம் நாயகியின் மரணத்தோடு முடிந்தது. அதுவரை ஒளிபரப்பிய டபிள்யூபி அலைவரிசை அத்துடன் விட்டுவிட, தொடர் வேறொரு அலைவரிசைக்கு மாறியது. ஆறாவது பருவத்தின் தொடக்கத்தில் பஃபி சவப்பெட்டிக்குள் கண்விழித்து, மண்ணைக் கைகளால் பிறாண்டிக்கொண்டு கல்லறையிலிருந்து எழுகிறாள். மேடி சொல்வது அச்சாக இதையேதான்: நின்றுபோன தொடரின் வராத ஆறாவது பருவத்துக்குள் தோண்டிக்கொண்டு போகிறாள். அதே பருவத்தில் 'நார்மல் அகெய்ன்' என்றொரு அத்தியாயம் உண்டு. பஃபி மனநல மருத்துவமனை ஒன்றில் இருக்கிறாள். அரக்கர்கள், நண்பர்கள், சாகசம் எல்லாம் உன் நோயின் கற்பனை என்கிறார்கள் மருத்துவர்கள். அவள் அரக்கர்கள் இருக்கும் உலகையே தேர்ந்தெடுக்கிறாள். ஆனால் அத்தியாயத்தின் கடைசிக் காட்சி மருத்துவமனையில்தான் முடிகிறது; அங்கே அவள் அசைவற்று உட்கார்ந்திருக்கிறாள். எது நிஜம் என்பதைத் தொடர் தீர்த்துவைக்கவே இல்லை.

ஷோன்ப்ரன் அதே கவட்டைப் பாதையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடக்கிறார். மேடி கூப்பிடுகிறாள், ஓவன் மைதானத்தில் அவளைத் தள்ளிவிட்டு வீட்டுக்கு ஓடுகிறான். அவன் 'சரியான' உலகைத் தேர்ந்தெடுக்கிறான். நீங்களோ நானோ அந்த இடத்தில் இருந்திருந்தால் அதையே செய்திருப்போம். உன்னை உயிரோடு புதைக்கிறேன், நம்பி வா என்று ஒருத்தி சொன்னால் எந்தப் புத்தியுள்ளவன் போவான்? படத்தின் கொடூரம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஓவன் எடுக்கும் முடிவுகளில் ஒன்றைக்கூட முட்டாள்தனம் என்று நம்மால் சொல்ல முடிவதில்லை. ஒவ்வொன்றும் நியாயமானது, பாதுகாப்பானது, பெரியவர்கள் தலையசைக்கக்கூடியது. அவற்றைக் கூட்டினால் ஒரு வாழ்க்கை காணாமல் போயிருக்கிறது.

திருநர்களுக்கிடையே ஒரு வழக்கு உண்டு. தான் திருநர் என்பதை இன்னும் தனக்கே சொல்லிக்கொள்ளாதவரை முட்டை என்பார்கள். அது தெரிய வரும் கணம், முட்டை உடையும் கணம். இந்தப் படம் அந்தக் கணத்தைப் பற்றியது என்று ஷோன்ப்ரன் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். முட்டைக்குள் இருப்பவருக்கு உடைவது சாவாகத்தான் தெரியும். பெற்றோர் வைத்த பெயர், ஊர் பார்த்துப் பழகிய உடல், 'நல்ல பிள்ளை' என்ற பட்டம் எல்லாவற்றையும் குழிக்குள் இறக்க வேண்டும். அந்தப் பக்கம் போய் வந்தவர் எவ்வளவு சொன்னாலும் இந்தப் பக்கம் நிற்பவருக்கு அது சாட்சியமாகாது. எனவே மேடி சொல்வது கதைக்குள் நிஜமா என்ற விவாதத்தில் எனக்கு அதிக அக்கறை இல்லை. இரண்டு பக்கமும் நம்பும்படிதான் படம் கட்டப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு தடயத்தைக் கவனியுங்கள். மேடி பேசும்போது, இளஞ்சிவப்பு உடை அணிந்த ஓவன் கண நேரம் மின்னி மறைகிறான். அது தொலைக்காட்சியில் வந்த காட்சி அன்று. அவனுடைய சொந்த நினைவு. தானாக அதை அவன் ஒருமுறையும் நம்மிடம் சொல்லவில்லை.

படம் முழுவதும் ஓவன் என்றும் அவன் என்றுமே அழைக்கப்படுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். அதுவும் அந்தப் புதைகுழியின் ஒரு பலகைதான்.

அடுத்தது திகில். பேய் இல்லை என்றீர்கள். இருக்கிறது, காலம்தான் அந்தப் பேய். ஓவன் அவ்வப்போது கேமராவைப் பார்த்து நேராகப் பேசுகிறான். ஒவ்வொரு முறையும் சில ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. இளைய ஓவனாக இயன் ஃபோர்மனும் பிறகு ஜஸ்டிஸ் ஸ்மித்தும் நடித்திருக்கிறார்கள். ஸ்மித்தின் குரல் போகப்போக ஒடுங்கி, மூச்சு வாங்கத் தொடங்குகிறது. ஆஸ்துமா முற்றுகிறது. மண்ணுக்கடியில் மூச்சுத் திணறுகிறோம் என்று மேடி சொன்னதை வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு இழுப்பும் வேறு பொருள் தரும். அம்மா புற்றுநோயில் இறக்கிறாள். எனக்கென்று குடும்பம் இருக்கிறது, அவர்களை மிகவும் நேசிக்கிறேன் என்று நம்மிடம் சொல்கிறான். அந்தக் குடும்பத்தில் ஒருவர் முகம்கூடத் திரையில் வருவதில்லை. வருவது புதிதாக வாங்கிய ஒரு பெரிய எல்ஜி தொலைக்காட்சிப் பெட்டி.

இந்த இடத்தில்தான் ரசிக மனம் பற்றிய படத்தின் கூர்மையான பார்வை இருக்கிறது. ஊர் ஒதுக்கிய பிள்ளைகளைத் தொலைக்காட்சி காப்பாற்றியது என்று பலரும் எழுதினார்கள். பாதி சரி. சனிக்கிழமை இரவு அரைமணி நேரம் தன்னைக் கொண்டுபோய் வைக்க ஓவனுக்கு ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அந்த இடம் கிடைத்ததாலேயே வேறெங்கும் தன்னை வைக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லாமல் போனது. இசபெல் தைரியமாக இருக்கிறாள், அது போதும். தொடரை மேடியைவிட வெறியோடு நேசித்தவர் யாருமில்லை. அவள்தான் பெட்டிக்குத் தீ வைத்துவிட்டுக் கிளம்பினாள். ஓவன் பெரிய பெட்டியாக வாங்கினான்.

வயதான ஓவன் பழைய தொடரை இணையத்தில் மறுபடி பார்க்கும் காட்சி, என் கணக்கில், கடைசியில் அவன் தன் மார்பைப் பிளக்கும் காட்சியைவிடப் பயங்கரமானது. சிறுவயதில் தூக்கத்தைக் கெடுத்த அரக்கர்கள் மலிவான வேஷம் கட்டிய ஆட்களாக நிற்கிறார்கள். வசனங்கள் குழந்தைத்தனமானவை. ஓவனுக்கு வெட்கமாக இருக்கிறது. சிறுவயதில் ரசித்தது பெரியவனானதும் அசட்டுத்தனமாகத் தெரிவது எல்லோருக்கும் நேர்வதுதானே என்று இதைக் கடந்து போகலாம். ஆனால் நாம் முன்பு அவன் கண்வழியாகப் பார்த்த காட்சிகள் வேறு, இப்போது திரையில் ஓடுவது வேறு. இரண்டில் எது உண்மையான தொடர்? நினைவை மலிவாக்கிவிட்டால் அது சொன்ன சேதியையும் சேர்த்துத் தள்ளிவிடலாம். ஒளிப்பதிவாளர் எரிக் யூவும் இங்கே ஒத்துழைக்கிறார். படம் நெடுக இளஞ்சிவப்பும் ஊதாவுமாகத் திரை வெளிச்சத்தில் நனைந்திருந்த ஓவனின் முகம், இந்தக் காட்சிக்குப் பின் வெளிறிப்போகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. ஓவன் கறுப்பினச் சிறுவன். வெள்ளையர் மிகுந்த புறநகரில் வளர்கிறான். அந்தத் தனிமையைப் படம் தொடாமலே போவது எனக்கு உறுத்தியது. டேனியல் டெட்வைலர்போன்ற ஒரு நடிகையை அம்மாவாக வைத்துவிட்டு, அவருக்குச் செய்ய அதிகம் கொடுக்கவில்லை.

இனி அந்த முடிவு. இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. குழந்தைகளின் விளையாட்டுக் கூடம் ஒன்றில் ஓவன் வேலை பார்க்கிறான். பிறந்தநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று அலறுகிறான். கூடத்தில் எல்லோரும் உறைந்து நிற்கிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கழிவறைக்குப் போய், அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தியால் மார்பைத் திறக்கிறான். உள்ளே தொலைக்காட்சித் திரையின் வெளிச்சம். முகத்தில் புன்னகை போன்ற ஒன்று. படிக்கட்டு இருக்கையில் அன்று பயந்த சிறுவன் கடைசியில் திறந்து பார்த்துவிட்டான். உள்ளே வெற்றிடம் இல்லை.

வேறொரு படமாக இருந்தால் இங்கே முடிந்திருக்கும். இந்தப் படத்தில் ஓவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறான். வாடிக்கையாளர்களிடம், உடன் வேலை செய்பவர்களிடம், ஒவ்வொருவரிடமாக: மன்னியுங்கள், அப்போது நடந்ததற்கு மன்னியுங்கள், புது மருந்து சாப்பிடுகிறேன். யாரும் அவனைப் பொருட்படுத்தவில்லை. அவன் கத்தியதே அவர்களுக்குத் தெரிந்ததுபோல் இல்லை. கேட்கப்படாத மன்னிப்பு, குறையே சொல்லாதவர்களிடம். இத்தனை ஆண்டுகள் அவனை மூடி வைத்திருந்தது அப்பாவின் ஒரு வரியும் ஊரின் பார்வையும் மட்டுமல்ல, யாருக்கும் தொந்தரவாக இருந்துவிடக் கூடாது என்ற இந்தப் பழக்கமும்தான் என்பது இப்போது தெரிகிறது. பால்புதுமையினர் (க்வியர் மக்கள்) பலர் இந்த ஒரு நிமிடத்தில் தங்களைப் பார்த்துக்கொண்டு உடைந்துபோனதாகச் சொல்வது இதனால்தான். ஓவன் வேலைக்குத் திரும்புவது தான் யார் என்று தெரியாததால் அல்ல. தெரிந்துகொண்டு திரும்புகிறான்.

இதை முழுத் தோல்வி என்றும் நான் படிக்கவில்லை. படத்தின் நடுவே, தெருவில் சாக்பீஸால் எழுதப்பட்ட ஒரு வரி வருகிறது: இன்னும் நேரம் இருக்கிறது. அதை ஓவன் படித்தானா என்று படம் காட்டுவதில்லை, நாம் படித்துவிட்டோம். அந்த வரியையும் மன்னிப்புக் காட்சியையும் ஒன்றுக்கொன்று எதிராக வைத்து எது வெல்கிறது என்று தேட வேண்டாம் என்பது என் கட்சி. மார்பு திறந்துவிட்டது, இனி அதை மூடிவிட்டதாக நடிக்கலாம், தெரியாததாக நடிக்க முடியாது. அடுத்த நாள் அவன் என்ன செய்வான் என்பதைத் திரைக்கு வெளியே விட்டது நேர்மையான முடிவு.

இரண்டாம் முறை பார்ப்பதாக இருந்தால், அதற்கு முன் 'பஃபி'யின் ஐந்தாம் பருவக் கடைசி அத்தியாயத்தையும் ஆறாம் பருவத்தின் முதல் இரண்டு அத்தியாயங்களையும் பாருங்கள்; 'நார்மல் அகெய்ன்' ஆறாம் பருவத்தின் பதினேழாவது. இதே இயக்குநரின் முந்தைய படம் 'வி'ர் ஆல் கோயிங் டு த வேர்ல்ட்ஸ் ஃபேர்', 2021இல் வந்தது. அதில் தொலைக்காட்சிக்குப் பதில் மடிக்கணினித் திரை, தனியறையில் இணையச் சவால் ஒன்றில் இறங்கும் ஒரு பெண். ஓவனைப் பிடித்திருந்தால் அவளையும் பிடிக்கும். இதைவிட மெதுவான படம் என்பதால் பொறுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.